பள்ளி வாசலில் கேட்ட கேள்விகள்

பென்னாகரம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, புளியமரங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் எங்கள் ஊர் வரும். ஊரின் முதல் கட்டடமே பள்ளிதான். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. இந்த ஆண்டு 41 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவரில் தலைமையாசிரியை நான்.

என்னிடம் யாரும் அறைக்குள் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பதில்லை. ரேஷன் கடை வரிசையில் கேட்பார்கள், மினி பஸ் படிக்கட்டில் கேட்பார்கள், ஆட்டை ஓட்டிக்கொண்டே மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்பார்கள். ஒரே பதிலை இருபது முறை சொல்லி முடித்த பிறகு, எழுதி வைத்துவிடலாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் முடிவானது. படிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளை படித்துக் காட்டட்டும். அதுவும் ஒரு வாசிப்புப் பயிற்சிதான்.

என் மகளுக்கு எப்போது ஐந்து வயது முடியவேண்டும்?

ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். ஆகஸ்ட் மாதம் பிறந்த பிள்ளையின் தாய் ஒருவர் ஆண்டுதோறும் என்னிடம் சண்டைக்கு வருவார். வேறு வேறு தாய், ஒரே சண்டை. அந்தப் பிள்ளைகள் பக்கத்திலிருக்கும் அங்கன்வாடியில் இன்னும் ஓர் ஆண்டு விளையாடட்டும். ஒன்றும் குறைந்துவிடாது.

பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஆதாரும் இன்னும் எடுக்கவில்லை. சேர்த்துக்கொள்வீர்களா?

சேர்த்துக்கொள்வோம். வயதுக்குச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. முதலில் பிள்ளையை அழைத்து வாருங்கள், காகிதம் பின்னால் வரட்டும். ஆனால் பின்னால் என்றால் ஐந்தாம் வகுப்பு முடியும்போது என்று பொருள் கொள்ள வேண்டாம். சாதிச் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் எல்லா இடத்திலும் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள். தலைப்பெழுத்து ஒரு சான்றில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பில் திருத்துவது ஒரு நாள் வேலை. பத்தாம் வகுப்பில் திருத்துவது ஒரு கோடை விடுமுறை முழுவதும் அலைகிற வேலை.

இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பை எப்படி நடத்துவீர்கள்?

சிரமப்பட்டுத்தான். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டத்தில் இருக்கும் கணக்கு. 61 ஆனால் மூன்றாவது ஆசிரியர் கேட்கலாம். 41 பேரை வைத்துக்கொண்டு கேட்க முடியாது. பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணினார்களே தவிர, வகுப்பு எத்தனை என்று யாரும் எண்ணவில்லை என்பது என் நெடுநாள் முணுமுணுப்பு.

ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஓர் அறையில். நான்கும் ஐந்தும் இன்னோர் அறையில். நான் ஒரு மூலையில் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது இன்னொரு மூலையில் சொல் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். இதில் ஒரு லாபமும் உண்டு. மூன்றாம் வகுப்புப் பாடத்தை இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஓர் ஆண்டு முழுவதும் காதால் கேட்டுவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே பாடம் வரும்போது, “இது எனக்குத் தெரியுமே” என்று கை தூக்கும்.

இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போன நாளில் 41 பேரும் ஒரே அறையில்தான். அன்றைக்குக் கதை, பாட்டு, தோட்ட வேலை. அதைப் பார்த்துவிட்டு “பள்ளியில் பாடமே நடப்பதில்லை” என்று டீக்கடையில் பேசியவர் யாரென்று எனக்குத் தெரியும். அவருடைய பேத்தி என் வகுப்பில்தான் படிக்கிறாள்.

என் மகன் நான்காம் வகுப்பு. அவனை ஏன் ‘அரும்பு’ குழுவில் உட்கார வைத்திருக்கிறீர்கள்?

‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-23 கல்வியாண்டில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்த காலத்தில் பிள்ளைகள் எழுத்தையே மறந்துபோனார்கள். அதைச் சரிசெய்ய வந்த திட்டம் இது. பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எதுவரை வாசிக்கிறது, எதுவரை எண்ணுகிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகப் பிரிக்கிறோம். எழுத்துகளை இப்போதுதான் அடையாளம் காண்கிற பிள்ளை அரும்பு. சொற்களைக் கூட்டி வாசிப்பது மொட்டு. பத்தியை வாசித்துக் கேள்விக்குப் பதில் சொல்வது மலர்.

கேட்ட தந்தைக்கு இது அவமானமாகத் தெரிந்தது. எனக்குப் புரிகிறது. ஆனால் அவருடைய மகன் போன ஆண்டு ஐந்து மாதம் செங்கல் சூளையில் இருந்தான். திரும்பி வந்தபோது ‘ஞ’வையும் ‘ஙு’வையும் விடுங்கள், ‘ம’வுக்கும் ‘ய’வுக்குமே தடுமாறினான். அவனை நான்காம் வகுப்புப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைத்திருந்தால் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு ஆண்டைக் கழித்திருப்பான். அரும்பில் உட்கார்ந்தான். நவம்பரில் மொட்டுக்கு வந்துவிட்டான். நிலை மாறுவது எங்களுக்குத் தெரிவதற்கு முன்பு பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. “டீச்சர், நான் அந்தப் பக்கம் போகட்டுமா?” என்று அவனே கேட்டான்.

மஞ்சள் வேன் ஊருக்குள் வருகிறது. அதில் அனுப்பினால் இங்கிலீஷ் மீடியம். இங்கே என்ன இருக்கிறது?

இங்கே தமிழ் வழி. ஆங்கிலம் ஒரு பாடமாக ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு. நேராகச் சொல்லிவிடுகிறேன், வேனில் போகிற பிள்ளை காலை ஏழரைக்கு ஏறி மாலை ஐந்தரைக்கு இறங்குகிறது. வீட்டுப்பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லாவிட்டால் தனிப்பயிற்சிக்கு இன்னொரு கட்டணம். அதெல்லாம் முடியும், அனுப்பத்தான் போகிறோம் என்றால் அனுப்புங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். போன ஆண்டு அப்படிப் போன நால்வரில் இருவர் காலாண்டுத் தேர்வுக்குள் திரும்பி வந்தார்கள். கட்டணம் கட்ட முடியாமல் ஒருவர், வேன் பயணத்தில் வாந்தி எடுத்து எடுத்து ஒருவர். இருவரையும் ஏன் போனாய் என்று கேட்காமல் சேர்த்துக்கொண்டோம்.

இன்னொன்று. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைக்கும். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் தமிழ்ப்புதல்வன் திட்டமும் அதே ஆறு முதல் பன்னிரண்டைப் பார்த்துத்தான். “அப்படியானால் ஐந்து வரை வேனில் அனுப்பிவிட்டு ஆறில் சேர்த்தால் போதுமே” என்று ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார். கணக்கு சரிதான். கணக்கில் அவர் என் மாணவர்.

வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். பிள்ளை தமிழில் பின்தங்கிவிடுமா?

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இந்தக் கேள்வி இல்லாத பள்ளி குறைவு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். எங்கள் பள்ளியில் ஏழு பிள்ளைகளின் வீட்டில் தெலுங்கு, இரண்டு பிள்ளைகளின் வீட்டில் கன்னடம்.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமி “நீள்ளு” என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் பிறகு இரண்டு நாள் தண்ணீரே கேட்கவில்லை. மூன்றாம் நாள் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: தமிழில் நீர், கன்னடத்தில் நீரு, தெலுங்கில் நீள்ளு. அன்று முழுக்க வகுப்பில் எல்லோருக்கும் தாகம். “டீச்சர், நீள்ளு!” என்று கேட்டுக் கேட்டே குடித்தார்கள். கண், கால், பால் என்று வரிசையாக மூன்று மொழியிலும் கேட்டுவர வேண்டும் என்பது அந்த வாரத்து வீட்டுப்பாடம். எனக்கே தெரியாத சொற்கள் வந்தன.

வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள். தமிழைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். பள்ளிக்காக வீட்டு மொழியை விட்டுவிட்டு அரைகுறைத் தமிழில் பிள்ளையோடு பேசினால் கதை சொல்வது நின்றுபோகும். கதை கேட்காத பிள்ளைதான் பின்தங்குகிறது.

காலை உணவு எல்லோருக்கும் உண்டா? என்ன போடுகிறார்கள்?

ஒன்று முதல் ஐந்து வரை எல்லோருக்கும் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்களுக்கும் அன்றுதான். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார் என்று கிழமைக்கு ஒன்றாக மாறும். சமைப்பவர்கள் நம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவினர். அவர்களின் பிள்ளைகளும் இங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதால் உப்பு, காரம் பற்றி நான் தனியாகக் கண்காணிக்கத் தேவை இருந்ததில்லை.

எட்டேகால் மணிக்குத் தட்டு வைக்கிறோம். எட்டே முக்காலுக்கு முடிந்துவிடும். ஒன்பதரைக்கு வந்து “பொங்கல் இருக்கிறதா?” என்று கேட்கும் பிள்ளைக்கு எப்படியாவது கிடைத்துவிடுகிறது என்பதை இங்கே எழுதக்கூடாது, ஆனால் எழுதிவிட்டேன்.

மதியம் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு?

வாழைப்பழம். சத்துணவு அமைப்பாளரிடம் ஒருமுறை சொன்னால் போதும். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு இது. அதற்கும் முன்னால் 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவில் சாப்பிட்ட தாத்தா ஒருவர் நம் ஊரில் இருக்கிறார். ஜூலை 15, காமராசர் பிறந்தநாளைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடும்போது பேச வெளியூரிலிருந்து யாரையும் அழைப்பதில்லை, அவரைத்தான் அழைக்கிறோம். எந்த ஆண்டும் ஒரே பேச்சு: சோறு போட்டார்கள், அதனால் வந்தேன், வந்ததால் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்வார். எனக்குத் தெரிந்து ஊரில் இதைவிடச் சிறந்த சொற்பொழிவாளர் இல்லை.

பிள்ளையின் பல்லில் பழுப்புக் கறை. பள்ளித் தண்ணீர்தான் காரணமா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தின் பழைய கதை இது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணின் அடியில் இருக்கும் பாறைகளில் ஃபுளோரைடு உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரில் அது கரைந்து வருகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் முதலில் பல்லில் தெரியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் தெரியும். பாட்டிமார்களின் வளைந்த முதுகையும் நிமிராத கழுத்தையும் எல்லாம் வயதுக் கணக்கில் எழுதிவிட்டோம்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கொண்டுவரப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. பள்ளியில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அந்தத் தண்ணீர்தான். கை கழுவவும் செடிக்கும் கழிப்பறைக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர். இரண்டு குழாய்க்கும் வேறு வேறு வண்ணம் அடித்திருக்கிறோம். நீலம் குடிக்க, சிவப்பு கழுவ. இதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உங்களுக்கு விளக்கிச் சொல்லும்.

பெற்றோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்றுவதால் அது இன்னும் அடர்த்தியாகும். குழாயில் காவிரி வராத நாளுக்காகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில்தான், அதாவது ஏறக்குறைய எட்டு வயது வரைக்கும்தான், கறை படிகிறது. முளைத்த பிறகு செங்கல் பொடியால் தேய்த்தால் கறை போகாது, பல்தான் தேயும். ஆகவே வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு குடம்தான் இருக்கிறது என்றால், அது முதலில் சின்னப் பிள்ளைக்கு.

கறை இருக்கும் பிள்ளையைப் ‘பழுப்புப் பல்’ என்று யாரோ கூப்பிட்டதாகக் கேள்வி. பள்ளிக்குள் அது நின்றுவிட்டது. தெருவில் நிறுத்த வேண்டியது நீங்கள்.

நாங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறோம். பிள்ளையை என்ன செய்வது?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான். மற்றவை எல்லாம் கூட வந்தவை.

தை கழிந்தால் ஊர் காலியாகத் தொடங்கும். கிணறு இருப்பவர்கள் சாமந்தியோ தக்காளியோ போட்டுச் சமாளிப்பார்கள். மானாவாரி நிலம் மட்டும் இருப்பவர்களுக்கு மாசி, பங்குனியில் புளி உலுக்கும் வேலையும் கொட்டை எடுக்கும் வேலையும்தான். அது எத்தனை வீட்டுக்குப் போதும்? கணவன் கொத்தனார், மனைவி சித்தாள் என்று பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள். சிலர் முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்குப் போகிறார்கள். முன்பணம் வாங்கியவர் அது வேலையில் கழியும்வரை திரும்ப முடியாது. நான் யாரையும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, என் சம்பளம் மாதம் பிறந்தால் வந்துவிடுகிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. போவதற்கு முன்னால் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இரவோடு இரவாகக் கதவைப் பூட்டிக்கொண்டு போகாதீர்கள். ‘டீச்சர் திட்டுவார்’ என்று பயந்து சொல்லாமல் போனதாகப் பிறகு தெரிந்துகொள்ளும்போது, திட்டியதற்காக என்னையே நொந்துகொள்கிறேன். சொன்னால் செய்ய வழி இருக்கிறது.

முதல் வழி, பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவது. காலை உணவும் மதிய உணவும் பள்ளியில் முடிந்துவிடும். பாட்டி பார்த்துக்கொள்ள வேண்டியது இரவுச் சாப்பாடும் சனி, ஞாயிறும்தான். கேழ்வரகுக் களியும் கீரையும் போதும் என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஆண்டு ஒன்பது பிள்ளைகள் அப்படித்தான் இங்கே தங்கினார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை பெற்றோருடன் காணொளியில் பேச வேண்டுமென்றால் மேலாண்மைக் குழுத் தலைவி தன் கைபேசியைத் தருகிறார். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம். அழுகிற பிள்ளைக்குப் பதினைந்து.

இரண்டாம் வழி, போகிற இடம் தமிழ்நாட்டுக்குள் இருந்தால் அங்கே பக்கத்திலிருக்கும் அரசுப் பள்ளியில் சேர்ப்பது. கல்வித்துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு இருக்கும் எமிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதித் தருகிறேன். பதிவை இங்கிருந்தே அங்கே மாற்றிவிடலாம். மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை, வரத் தாமதமாகிறது என்று காரணம் காட்டி எந்தப் பள்ளியும் மறுக்கக்கூடாது. பாதி ஆண்டில் வந்தாய் என்றும் மறுக்கக்கூடாது. இரண்டுமே சட்டத்தில் இருக்கின்றன. ஒரு பள்ளியில் மறுத்தார்கள். அங்கிருந்தபடியே பிள்ளையின் தாய் என்னைக் கூப்பிட்டார், கைபேசியை அங்கிருந்த ஆசிரியரிடம் கொடுக்கச் சொன்னேன். பேசினோம். சேர்த்துக்கொண்டார்கள். மறுத்தவர் கெட்டவரில்லை, அவருக்கும் இரண்டு ஆசிரியர்களும் ஐந்து வகுப்பும்தான்.

மூன்றாம் வழி, பெங்களூருக்கே அழைத்துப் போவது. கர்நாடகத்திலும் அதே கல்வி உரிமைச் சட்டம்தான். ஆறிலிருந்து பதினான்கு வயதுவரை எந்தப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளி இடம் தரவேண்டும். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, எங்கள் தமிழ்ப் புத்தகங்களையும் மூட்டையில் வைத்துக்கொண்டு போங்கள். அங்கே கன்னடம் கற்றுக்கொண்டு வந்த சிறுவன் ஒருவன் இப்போது எங்கள் கன்னட வீட்டுப் பிள்ளைகளுக்குக் கன்னட எழுத்தை மணலில் எழுதிக் காட்டுகிறான்.

நான்காவதாக ஒரு வழி நடைமுறையில் இருக்கிறது. பிள்ளையை வேலை நடக்கும் இடத்திலேயே வைத்துக்கொண்டு, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது. எட்டு வயதுச் சிறுமி இடுப்பில் கைக்குழந்தையோடு சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பாள். போன ஆண்டு அப்படிப் போய்த் திரும்பிய சிறுமி, வகுப்பில் யாராவது அழுதால் உடனே எழுந்துபோய்த் தூக்கிக்கொள்கிறாள். உட்காரச் சொன்னாலும் கேட்பதில்லை. படிப்பில் மீண்டுவிட்டாள். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

நடு ஆண்டில் திரும்பி வந்தால் கீழ் வகுப்பில் உட்கார வைப்பீர்களா?

இல்லை. வயதுக்கேற்ற வகுப்பு, விட்டுப்போனதற்குத் தனிக் கவனம். வந்த அன்றே அழைத்து வாருங்கள். “திங்கட்கிழமை நல்ல நாள், அன்றைக்குக் கூட்டி வருகிறேன்” என்று சொல்லி மூன்று திங்கள் போனவர்கள் உண்டு.

நன்றாக அடித்துப் படிக்க வையுங்கள் டீச்சர், கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வியே இல்லை, ஆனாலும் அதிகம் கேட்பது இதைத்தான். அடிக்க மாட்டோம். சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறம். அடிவாங்கிய நாளில் எனக்கு என்ன பாடம் நடந்தது என்று நினைவில்லை, அடி மட்டும்தான் நினைவிருக்கிறது என்பது இன்னொரு புறம். வீட்டிலோ வெளியிலோ பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098-க்கு யார் வேண்டுமானாலும் பேசலாம். அந்த எண்ணை வாசற்சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறோம். எங்களைப் பற்றிப் புகார் என்றால் கல்வித்துறையின் உதவி எண் 14417. அதையும் எழுதியிருக்கிறோம், கொஞ்சம் சின்ன எழுத்தில்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று எதற்கு?

பள்ளி உங்களுடையது என்பதற்கு. 24 பேர் கொண்ட குழு. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், தலைவி ஒரு தாய். 2024-இல் மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. குழு கூடாத பள்ளியில் தலைமையாசிரியர் தனியாகக் கடிதம் எழுதுவார். குழு கூடுகிற பள்ளியில் 24 கையெழுத்தோடு கடிதம் போகும். எந்தக் கடிதத்துக்கு முதலில் பதில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் மதில் சுவர் அப்படி வந்ததுதான். நடுவில் இடிந்து கிடந்த பன்னிரண்டடி வழியாக ஆடும் வரும், மாலையில் குடித்துவிட்டு ஆட்களும் வருவார்கள். நான்கு ஆண்டு நான் எழுதினேன். பிறகு தலைவி அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நின்றார். பேசத் தெரியாது என்று சொன்னவர், காலையில் வகுப்பறைப் படியில் பொறுக்கிய பாட்டில்களைச் சாக்கில் கொண்டுவந்து மேசைக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. தீர்மானம் நிறைவேறியது, சுவரும் எழுந்தது. இப்போது ஆட்கள் வருவதில்லை. ஆடு மட்டும் எப்படியோ வருகிறது.

பிறந்தநாளுக்குப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கிறோம். என்ன வாங்கித் தரலாம்?

கேக் வேண்டாம், சுவர்க் கடிகாரமும் வேண்டாம். ஆறு இருக்கின்றன, ஆறும் ஆறு நேரம் காட்டுகின்றன. சிறுவர் கதைப் புத்தகம் தாருங்கள், பெரிய எழுத்தில், படத்தோடு. அல்லது ஒரு மூட்டை செம்மண். காய்கறித் தோட்டத்தில் முருங்கையைத் தவிர எதுவும் பிழைக்கவில்லை.

ஏரிக்கரைக் கல்லை ஏன் பிள்ளைகள் கழுவுகிறார்கள்?

அது நடுகல். வில்லும் வாளுமாக நிற்கும் வீரனின் உருவம். துணி துவைக்கும் கல் என்று நினைத்து ஒரு தலைமுறையே அதன்மேல் துவைத்திருக்கிறது. நம் மாவட்டத்தில் இப்படி நிறைய உண்டு. ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்தவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். போன ஆண்டுக் களப்பயணத்தில் அங்கே அழைத்துப் போனபோது ஒரு சிறுவன் சத்தமாக, “டீச்சர், இது நம் துவைக்கிற கல்!” என்றான். அங்கிருந்த காவலர் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாளே வாளி, தேங்காய் நாரோடு கிளம்பிவிட்டார்கள். நான் நாரைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் மட்டும் ஊற்றச் சொல்லியிருக்கிறேன், தேய்த்தால் உருவம் மழுங்கும். அங்கே துணி துவைக்க வேண்டாம் என்று பிள்ளைகளே சொல்வார்கள். கோபப்படாதீர்கள்.

இந்த ஆண்டு அதியமான்கோட்டைக்கும் பாப்பாரப்பட்டிக்கும் போகிறோம். பாப்பாரப்பட்டியில்தான் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று மறைந்தார். அவருடைய நினைவிடம் அங்கே இருக்கிறது. சிறையில் தொழுநோய் வந்தவரை ரயிலில் ஏற்றத் தடை போட்டார்கள், அவர் ஊர் ஊராக நடந்தே போனார் என்று சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர்களின் பிள்ளைகள் அல்லவா. சோற்றுப் பொட்டலமும் தண்ணீரும் மட்டும் கொடுத்தனுப்புங்கள், கைச்செலவுக்குப் பணம் வேண்டாம்.

பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்களா?

ஒரு பிள்ளைகூட இல்லாமல் போன நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் 2019-இல் நூலகங்களாக மாற்றப்பட்டன. நம்மிடம் 41 பேர் இருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எட்டு ஆண்டுக்கு முன் 63 பேர் இருந்தார்கள் என்பதையும் வருகைப் பதிவேடு சொல்கிறது.

ஐந்து முடித்தால் ஆறாம் வகுப்புக்கு எங்கே?

மூன்று கிலோமீட்டரில் அரசு உயர்நிலைப் பள்ளி. மே மாதத்தில் நானே சான்றிதழ்களோடு எல்லோரையும் ஒரே நாளில் அழைத்துப் போய்ச் சேர்த்துவிடுவேன். நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் நடக்கும், ஒப்புதல் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் போதும். பெண் பிள்ளையை ஐந்தோடு நிறுத்துவதாக இந்த ஆண்டு யாரும் சொல்லவில்லை. ஏழு ஆண்டுக்கு முன் நான் வந்தபோது மூன்று வீட்டில் சொன்னார்கள்.

ஆண்டு விழா எப்போது?

தைப்பொங்கல் முடிந்த முதல் சனிக்கிழமை மாலை. வேறு பள்ளிகளில் மார்ச்சில் வைக்கிறார்கள். மார்ச்சில் வைத்தால் நம் ஊரில் நாற்காலிதான் பார்க்கும். கோலாட்டத்துக்குப் பட்டுப்பாவாடை கட்டாயமில்லை, சீருடையே அழகு. ஒலிபெருக்கி இரவு ஒன்பதோடு நிற்கும். மேடையில் பேசுவோர் பட்டியலில் பெயர் வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் நாற்காலி அடுக்க வரவும்.

விடுமுறையில் பள்ளியில் ஏதாவது தேவைப்பட்டால் யாரைப் பார்ப்பது?

சாவி ஒன்று என்னிடம், ஒன்று சத்துணவுச் சமையலர் அக்காவிடம். அவர் வீடு மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், நீலக் கதவு. சூளையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் திரும்புகிறவர்கள் அவரிடம் பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லுங்கள். புத்தகம், சீருடை, செருப்பு எல்லாவற்றையும் பெயர் எழுதிப் பையில் கட்டி, நான்காம் வகுப்பு அறை அலமாரியில் வைத்திருக்கிறோம். இன்றைக்கு அதில் ஆறு பைகள் இருக்கின்றன.